365 வாக்குகள் பெற்ற மசோதா எப்படிக் காலாவதியானது? எச்.ஆர். 1044: ஒரு நிகழ்வு ஆய்வு

2019 ஜூலை 10 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில், வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுக்கு (நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு) இருந்த நாட்டு வரம்பை நீக்கும் ஒரு மசோதாவுக்கு 365 பேர் ஆதரவாகவும் 65 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். 2020 டிசம்பர் 2 அன்று மேலவையான செனட்டும் அதைத் திருத்தங்களோடு நிறைவேற்றியது. 2021 ஜனவரி 3 அன்று அது காலாவதியானது. நடுவில் எந்த அவையிலும் எந்த வாக்கெடுப்பிலும் அது தோற்கவில்லை.

கிரீன் கார்டு வரிசையில் நின்ற எங்களில் பலருக்கு இது இன்றுவரை விளங்காத விஷயம். "இரண்டு அவையும் பாஸ் பண்ணிய பிறகும் எப்படிச் செத்தது?" என்று இப்போதும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் அந்த நாட்டுச் சட்டமன்றம் நடக்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்காகவே இந்தப் பதிவு. மசோதாவின் நடமாட்டம் முழுக்கப் பொதுப்பதிவில் உள்ளது. கூடவே, அதைப் பின்தொடர்ந்த எங்கள் ஒன்பது பேர் குழு எடுத்த முடிவுகளையும், அதில் பிசகிய இடங்களையும் சேர்த்திருக்கிறேன். யார் பெயரும் சொல்லவில்லை. செனட்டர்களை மாநிலத்தை வைத்தே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் ஆண்டுக்கு 1,40,000. இதில் மனைவி, கணவன், பிள்ளைகளும் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி. முதுகலைப் பட்டதாரிகள் அதிகம் வரும் இரண்டாம் பிரிவுக்கு ஆண்டுக்குச் சுமார் 40,000 இடங்கள் என்றால், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு 2,800 இடங்கள்தான். மற்ற பிரிவுகளில் மிஞ்சியது வந்தால் கொஞ்சம் கூடும். வரிசையில் நிற்பவர்களோ பல லட்சம்.

மசோதாவின் மையக் கருத்து எளிமையானது: வேலைப் பிரிவில் இந்த 7 சதவீத வரம்பை எடுத்துவிடு, குடும்பப் பிரிவில் அதை 15 சதவீதமாக உயர்த்து. மொத்த எண்ணிக்கையில் ஒன்றுகூடக் கூட்டச் சொல்லவில்லை. பின்னால் வந்த எல்லாத் தகராறுக்கும் வேர் இந்த ஒரு வரிதான். இந்தியர்களுக்குக் கூடுதலாகப் போகும் ஒவ்வோர் இடமும் பிலிப்பைன்ஸ் செவிலியரிடமிருந்தோ ஈரானிய ஆராய்ச்சியாளரிடமிருந்தோ சில ஆண்டுகளுக்குப் போகும். நாங்கள் அதை அப்போது உரக்கப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

இது புது யோசனையும் அல்ல. 2011 நவம்பரில் இதே கருத்துள்ள ஒரு மசோதா சபையில் 389-க்கு 15 என்று தேறியது. செனட்டில் அயோவா செனட்டர் ஒருவர் தடை வைத்தார். பிறகு சமரசம் பேசித் தடையை விலக்கினார். அப்படியும் அந்தக் காங்கிரஸ் (இரு அவைகளும் சேர்ந்த சட்டமன்றத்தின் இரண்டு ஆண்டுக் காலம்) முடிவதற்குள் நிறைவேறவில்லை. எட்டு ஆண்டு முன்பே ஒருமுறை ஓடி முடிந்த கதை. அதை நாங்கள் உட்கார்ந்து படித்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.

சபையில்: 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை

2019 பிப்ரவரி 7 அன்று இரு அவைகளிலும் மசோதா அறிமுகமானது. சபையில் எச்.ஆர். 1044, செனட்டில் எஸ். 386. சபையில் அறிமுகம் என்றால் பெரிய சடங்கு எதுவும் இல்லை. எழுத்தர் மேசையருகே 'ஹாப்பர்' என்ற மரப்பெட்டி இருக்கும். உறுப்பினர் கையெழுத்திட்ட தாளை அதில் போட்டால் போதும். எண் கிடைக்கும், உரிய நிலைக்குழுவுக்குப் போகும். இந்த மசோதா இரு அவைகளிலும் நீதித்துறைக் குழுவுக்குப் போனது.

வழக்கமான பாதையில் குழு சாட்சிகளை அழைத்து விசாரிக்கும். பிறகு 'மார்க்-அப்' என்ற அமர்வில் வரி வரியாகத் திருத்தும். அறிக்கையோடு சபைக்கு அனுப்பும். விதிகள் குழு, எவ்வளவு நேரம் விவாதம், எந்தத் திருத்தங்களுக்கு இடம் என்று தீர்மானிக்கும். அதன் பிறகே வாக்கெடுப்பு.

எச்.ஆர். 1044 இந்தப் படிகளைத் தாண்டிப் போனது. 116-ஆவது காங்கிரஸ் தொடங்கியபோது சபை ஒரு புது விதி கொண்டுவந்திருந்தது: 290 உறுப்பினர்கள் உடன்முன்மொழிந்தால், குழு அசையாவிட்டாலும் அந்த மசோதாவை 'கன்சென்சஸ் காலண்டர்' எனும் பட்டியலில் ஏற்றக் கோரலாம். இந்த மசோதாவுக்கு 311 பேர் சேர்ந்தார்கள். அவ்வளவு பேர் கையெழுத்திட்டதும் சபைத் தலைமை அதை 'விதிகளை நிறுத்தி நிறைவேற்றும்' முறையில் எடுத்துக்கொண்டது. அந்த முறையில் விவாதம் 40 நிமிடம்தான். அவையில் திருத்தம் கொண்டுவர முடியாது. ஆனால் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அன்று வாக்களித்தவர்கள் 430 பேர், தேவைப்பட்டது 287. கிடைத்தது 365.

முன்மொழிந்தவர்கள் ஏன் இந்த வழியைப் பிடித்தார்கள் என்பது புரிகிறது. குடியேற்றம் பற்றிய எந்த மசோதாவையும் திருத்தத்துக்குத் திறந்துவிட்டால் எல்லைச் சுவர் வரை எல்லாச் சண்டையும் அதற்குள் வந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு வேகமாகப் போனார்கள். அந்த நேரத்தில் அது சரியான கணக்கு. ஆனால் குழுவில் கேட்டிருக்க வேண்டிய ஆட்சேபங்கள் எங்கேயும் போய்விடவில்லை. செவிலியர் பற்றாக்குறை, மற்ற நாட்டவர் காத்திருப்பு, எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் வந்த தொழிலாளர்களையே நம்பி நடக்கும் நிறுவனங்கள் என்று அத்தனையும் அப்படியே செனட்டின் வாசலில் போய்க் காத்திருந்தன.

அன்று இரவு எங்கள் குழுவில் ஒருவர் வீட்டில் கேசரி கிண்டினார்கள். 365 என்ற எண்ணைப் பிள்ளைகள் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார்கள். அந்த வீட்டுப் பெரிய பெண்ணுக்கு அப்போது 19 வயது. பெற்றோரைச் சார்ந்த விசாவில் 21 வரைதான் இருக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு மசோதா என்றால் அந்த இரண்டு வருடம்தான்.

செனட்டில்: 2019 ஜூன் முதல் 2020 ஆகஸ்ட் வரை

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு மன்றம் என்றால் கொறடா நினைவுக்கு வருவார். பெரும்பான்மை இருந்தால் மசோதா தேறும். அமெரிக்க செனட்டில் பெரும்பான்மை என்பது பாதிக் கணக்குதான். மீதிக் கணக்கு நேரம்.

ஒரு மசோதாவை முறைப்படி எடுக்க, முதலில் 'எடுத்துக்கொள்ளலாமா' என்ற தீர்மானத்தையே நிறைவேற்ற வேண்டும். அதை எதிர்ப்பவர் பேசிக்கொண்டே இழுக்கலாம். பேச்சை முடித்துவைக்க 'குளோச்சர்' மனு போட வேண்டும். ஒரு நாள் இடைவெளி, பிறகு 60 வாக்கு, பிறகும் 30 மணி நேரம் வரை விவாதம். அது முடிந்து மசோதாவின் மேலேயே மறுபடி ஒரு சுற்று. 60 பேர் கையில் இருந்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் அவையை முடக்கிவிடலாம். அவை நேரத்தைப் பங்கிடுவது பெரும்பான்மைத் தலைவர். அந்த ஆண்டுகளில் அவர் அதைப் பெரும்பாலும் நீதிபதி நியமனங்களுக்குச் செலவிட்டார். இந்த மசோதாவுக்கு ஒரு வாரம் தர யாரும் தயாராக இல்லை.

மிச்சமிருந்த வழி ஒருமனதான ஒப்புதல். யூட்டா செனட்டர், மசோதாவின் செனட் முன்மொழிவாளர், அந்த வழியில் இறங்கினார். இது நடக்கும் விதம் இப்படி: கட்சி அலுவலகம் எல்லா செனட்டர்களின் அலுவலகத்துக்கும் ஒரு தகவல் அனுப்பும். இதற்கு 'ஹாட்லைன்' என்று பெயர். "இந்த மசோதாவை விவாதமின்றி நிறைவேற்றப் போகிறோம், மறுப்பு உண்டா?" ஒருவர் உண்டு என்றாலே அது 'ஹோல்டு'. எழுதிய விதிகளில் ஹோல்டு என்று ஒரு அதிகாரம் கிடையாது. நாளை அவையில் எழுந்து மறுப்பேன் என்ற முன்னறிவிப்புதான் அது. ரகசியத் தடைகளைக் குறைக்க 2011 ஜனவரியில் ஒரு தீர்மானம் வந்தது. தடை வைத்தவர் பெயரை இரண்டு அமர்வு நாட்களுக்குள் பதிவேட்டில் வெளியிட வேண்டும் என்றது.

முதலில் 2019 ஜூன் கடைசியில் கென்டக்கி செனட்டர் மறுத்தார். செவிலியர்களுக்கு இடம் போய்விடும் என்பது அவர் கவலை. அதற்காக ஆண்டுக்கு 5,000 இடங்கள் தனியே ஒதுக்கும் திருத்தம் சேர்க்கப்பட்டது, அவர் விலகினார்.

செப்டம்பர் 19 அன்று மறுபடி கேட்டார்கள். அலுவலக பேன்ட்ரியில் நான்கு பேர் ஒரு கைபேசியைச் சுற்றி நின்று பார்த்தோம். முக்கால்வாசி நாற்காலிகள் காலி. யூட்டா செனட்டர் காரணங்களைச் சொல்லி, நீதித்துறைக் குழுவிடமிருந்து மசோதாவை விடுவித்து, திருத்தத்தோடு நிறைவேற்றியதாகக் கருத வேண்டும் என்று கேட்டார். தலைமை வகித்தவர் "மறுப்பு உண்டா?" என்றார். ஜார்ஜியா செனட்டர் எழுந்து மறுத்தார். "மறுப்பு பதிவாகிறது." அவ்வளவுதான். வாக்கெடுப்பு இல்லை, எண் இல்லை. காபி இயந்திரத்தில் யாரோ வைத்த கோப்பை இன்னும் நிரம்பிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் நின்றவர் திருநெல்வேலிக்காரர், 2010-இல் விண்ணப்பித்தவர். "இனிமே ஓட்டு எப்போ?" என்று கேட்டார். ஓட்டே கிடையாது என்று அவருக்குப் புரியவைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கே அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

ஜார்ஜியா செனட்டர் சில நாட்களில் விலகினார். அக்டோபரில் இல்லினாய் செனட்டர் மறுத்தார். இடங்களைக் கூட்டாமல் வரிசையை மட்டும் மாற்றினால் ஒருவர் துன்பம் இன்னொருவர் தலைக்குப் போகும் என்பது அவர் வாதம். எண்ணிக்கையைக் கூட்டும் வேறு மசோதாவை அவரே கொண்டுவந்தார். அவரை நாங்கள் எதிரியாகவே பார்த்தோம். இப்போது படித்தால், பிரச்சினையின் வேரைச் சரியாகப் பிடித்தவர் அவர்தான் என்று தோன்றுகிறது. டிசம்பரில் அவருக்கும் யூட்டா செனட்டருக்கும் உடன்பாடு ஏற்பட்டது. வரிசையில் நிற்பவர்கள் முன்கூட்டியே கடைசிக்கட்ட விண்ணப்பம் போடலாம், வேலை மாறும் சுதந்திரம் கிடைக்கும் என்ற நல்ல பகுதி அப்போது சேர்ந்தது. எச்-1பி ஊழியர்களைப் பாதிக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடும் சேர்ந்தது.

இதற்குள் பெருந்தொற்று வந்தது. 2020 ஆகஸ்ட் 5 அன்று மறுபடி கேட்டபோது ஃபுளோரிடா செனட்டர் மறுத்தார்.

எங்கள் முடிவுகளும் காரணங்களும்

முதல் ஆறு மாதம் நாங்கள் ஒரே வேலை செய்தோம்: உடன்முன்மொழிபவர்களைச் சேர்ப்பது. எக்செல் தாளில் சபை உறுப்பினர் 435 பேரும், பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு. சபையில் எண்ணே ஆயுதம் என்பதால் அது பலித்தது. பலித்ததே எங்களை ஏமாற்றவும் செய்தது. செனட்டுக்கும் அதே தாளை 100 வரிசையாகச் சுருக்கி வைத்துக்கொண்டோம். பச்சை 60-ஐத் தாண்டினால் போதும் என்று நினைத்தோம். ஒருமனதான ஒப்புதலில் 99 பச்சையும் போதாது.

இரண்டாவது முடிவு, மறுத்த செனட்டர்களின் அலுவலகத்துக்குத் தொலைபேசி. எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் கூப்பிட்டோம். எடுத்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "உங்கள் ஜிப் கோடு என்ன?" நம்மூர் பின்கோடு மாதிரி. வேறு மாநிலம் என்றதும் குறித்துக்கொள்கிறோம் என்று வைத்துவிடுவார்கள். செனட்டர் தன் மாநிலத்துக்குத்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், இதில் தவறு எதுவும் இல்லை. அந்த மாநிலத்தில் இருக்கும் நம்மவர்களைத் தேடிப் பிடிப்பதை விட்டு நாங்கள் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது முடிவை யோசித்து எடுத்தோம். 2020 தொடக்கத்தில் எங்கள் மாநிலச் செனட்டர் ஒருவரின் உள்ளூர் அலுவலகத்தில் நேரம் கேட்டு மூன்று பேர் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உதவியாளருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். எங்கள் கதைகளைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த வாசகத்தை ஆதரிக்கச் சொல்கிறீர்கள், சபை நிறைவேற்றியதா, டிசம்பரில் மாறியதா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாறிய வாசகத்தை எங்களில் யாரும் முழுசாகப் படிக்கவில்லை. இந்த இரண்டு வருடத்தில் எங்களிடம் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அது.

2020 டிசம்பர்

டிசம்பர் 2 அன்று யூட்டா செனட்டர் கடைசியாகக் கேட்டார். ஃபுளோரிடா செனட்டர் கேட்ட மாற்றங்கள் உள்ளே வந்திருந்தன. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியோடு தொடர்புடையவர்களுக்குத் தடை அதில் ஒன்று. மற்ற நாட்டவருக்கு இடம் ஒதுக்கி மெல்ல மாறும் நீண்ட இடைக்காலமும் இருந்தது. தலைமை வகித்தவர் மறுப்பு உண்டா என்றார். யாரும் எழவில்லை. நிறைவேறியது. யார் ஆதரித்தார் என்ற பதிவே கிடையாது, ஏனென்றால் யாரும் வாக்களிக்கவில்லை.

மறுபடி கேசரி. ஆனால் ஓர் அவை நிறைவேற்றிய வாசகத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே மற்ற அவையும் நிறைவேற்றினால்தான் ஒரு மசோதா குடியரசுத் தலைவரின் மேசைக்குப் போகும். சபை நிறைவேற்றியது ஒன்று, செனட் நிறைவேற்றியது இன்னொன்று. சபை மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: செனட் வாசகத்தை ஏற்கலாம், அதைத் திருத்தித் திருப்பி அனுப்பலாம், இரு அவை உறுப்பினர்களும் உட்கார்ந்து பேசும் மாநாட்டுக் குழுவைக் கேட்கலாம். பின்னிரண்டுக்கும் வழியே இல்லை. செனட்டில் ஒரு வரி மாறினாலும் அந்த நூறு பேரின் மௌனத்தை மறுபடி வாங்க வேண்டும்.

இருந்தது 32 நாள். நவம்பர் தேர்தல் முடிந்து, பதவிக்காலம் முடியப்போகும் உறுப்பினர்களும் உட்கார்ந்திருக்கும் 'லேம் டக்' அமர்வு அது. அரசு நிதி தீரப் போகிறது, பெருந்தொற்று நிவாரணம் பேச்சில் இருக்கிறது. சபையில் மசோதாவை முதலில் கொண்டுவந்தவர்களே செனட் சேர்த்த பகுதிகளை ஏற்க முன்வரவில்லை. செனட்டில் கடைசி மறுப்பாளரைச் சமாதானப்படுத்திய வரிகள், சபையில் பழைய ஆதரவாளர்களை விலக்கின. ஆண்டிறுதி நிதி மசோதாவோடு ஒட்டிவிடலாம் என்று சிலர் நம்பினார்கள். அது 5,593 பக்கம். டிசம்பர் 21 அன்று இரு அவைகளும் நிறைவேற்றின. அதில் எங்கள் வரி இல்லை.

ஜனவரி 3 நண்பகலில் 117-ஆவது காங்கிரஸ் கூடியது. பழைய காங்கிரஸின் முடியாத மசோதாக்கள் எல்லாம் அத்தோடு காலாவதி. 311 கையெழுத்தும் 365 வாக்கும் புது அவைக்குச் செல்லாது. புது எண், புது பெட்டி, முதலிலிருந்து.

பிறகு

2021-இல் சபையில் 'ஈகிள் சட்டம்' என்ற பெயரில் எச்.ஆர். 3648 வந்தது. முந்தைய செனட் பேச்சுவார்த்தையில் விளைந்த பல பகுதிகள் இதில் இருந்தன. இந்த முறை நீதித்துறைக் குழு மார்க்-அப் நடத்தி அறிக்கையோடு அனுப்பியது. ஆனால் அவைக்கு வந்தது 2022 டிசம்பரில், மறுபடி ஒரு லேம் டக் அமர்வில். வாக்குகள் தேறாது என்று தெரிந்ததும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2023 ஜனவரி 3 அன்று அதுவும் முடிந்தது.

எங்கள் குழுவில் இரண்டு பேர் கனடா போய்விட்டார்கள். ஃபிரிட்ஜில் 365 ஒட்டிய வீட்டுப் பெண் 21 வயதில் மாணவர் விசாவுக்கு மாறினாள். பத்து வயதிலிருந்து அந்த ஊரில் படித்த பிள்ளை, வெளிநாட்டு மாணவி என்று கட்டணம் கட்டினாள். திருநெல்வேலி நண்பர் இன்னும் வரிசையில் இருக்கிறார்.

மறுபடி செய்தால் என்ன மாற்றுவோம்

முதலில் மறுப்பவர்களைத் தேடுவோம். செனட்டில் ஒரு மசோதா ஒருமனதான ஒப்புதலை நம்பிப் போகிறது என்று தெரிந்த அன்றே, யாருக்கு நஷ்டம் என்று பட்டியல் போட்டு அவர்களோடு உட்கார வேண்டும். செவிலியர்களோடும் மற்ற நாட்டு விண்ணப்பதாரர்களோடும் நாங்கள் ஒரு முறைகூடப் பேசவில்லை. அவர்கள் தங்கள் செனட்டரிடம் பேசினார்கள், அவர் எழுந்து நின்றார். அது அவர்கள் உரிமை.

குழு விசாரணையைத் தாண்டும் குறுக்குவழியைக் கண்டு இனி மகிழ மாட்டோம். மார்க்-அப் நடந்திருந்தால் 5,000 செவிலியர் இடமும் இடைக்கால ஒதுக்கீடும் 2019 வசந்தத்திலேயே பேசப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். அப்படியும் தோற்றிருக்கலாம். ஆனால் மறுப்புகளைத் தீர்க்க மாதக்கணக்கில் போனது, அந்த மாதங்கள்தான் கடைசியில் இல்லாமல் போயின.

செனட்டில் ஒரு வரி மாறும்போதெல்லாம், சபையில் முன்மொழிந்தவர் அதை ஏற்பாரா என்று அன்றே கேட்டு எழுதி வைப்போம். நாங்கள் 17 மாதம் செனட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். சபை ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று நினைத்தோம்.

எக்செல் தாளையும் மாற்றிவிட்டோம். இப்போது அதில் பச்சை, சிவப்பு இல்லை. ஒரு பத்தியில் அலுவலகம், அடுத்ததில் அவர்களுக்கு ஆட்சேபமான பிரிவு எண், அதற்கடுத்து அந்த மாநிலத்தில் நமக்குத் தெரிந்தவரின் ஜிப் கோடு. கடைசிப் பத்தியில் அந்தக் காங்கிரஸ் முடிய இன்னும் எத்தனை நாள் என்பது.